புஷ்பம் குடுக்காத ஜெபக்குறிப்பு

உக்காருங்க ஐயரம்மா, ஏன் நிக்கீய? உங்க வீட்டுல வந்து உங்களையே உக்காரச் சொல்லுதேன் பாருங்க. வாத்தியார் புத்தி. இதுக்கு முன்னால இந்தக் குருமனையில இருந்த ஐயரம்மாவும் அப்படித்தான், என்னைக் கண்டா எந்திச்சு நின்னுருவாவ. கடைசி வரைக்கும் அந்தப் பழக்கம் போகல அவியளுக்கு.

ஐயரம்மான்னு கூப்பிடுதது ஒரு மாதிரி இருக்கோ? மெட்ராஸ்ல வளந்தவுகன்னு சொன்னாவ. எங்க திருநெல்வேலிப் பக்கம் சபைப் போதகர ஐயர்னுதான் சொல்லுவோம். அவரு ஐயர், நீங்க ஐயரம்மா. பழகிரும்.

இந்தாங்க, நார்த்தங்கா ஊறுகா. பெட்டியெல்லாம் பைய பிரிச்சுக்கிடலாம். சாமான் எங்க போயிரப்போகுது? புதுசா வந்தவுகளுக்கு ஊரப்பத்தி நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும்லா, அதான் முதல் ஆளா வந்தேன். வேற யாராவது முதல்ல வந்துட்டா உங்களுக்குத் தப்புத் தப்பாச் சொல்லிருவாவ.

நான் வயலட். வயலட் டீச்சர்னா கிருபாபுரத்துல தெரியாத ஆளு கிடையாது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர் நான்தான். மன்றாட்டு ஜெபக்குழுவுக்கும் தலைவி. நானாப் போயி நிக்கல. ஜெபக்கனி நிக்கேன்னு சொன்னா. அவ குரல் பின்னால இருக்கவுகளுக்குக் கேக்காது, அதான் நானே எடுத்துக்கிட்டேன்.

வாட்ஸப்புலயும் குழு வச்சிருக்கோம். ‘திறப்பில் நிற்கும் மகளிர்’னு பேரு, வேதத்துல இருந்து எடுத்து நான் வச்ச பேரு. ஊருல யாருக்கு என்ன கஷ்டம்னாலும் ஜெபக்குறிப்பு எங்ககிட்ட வந்துரும். காலையில நான் ஒரு வாய்ஸ் போட்டா, மத்தியானத்துக்குள்ள மஸ்கட்ல இருக்க நம்ம ஊருப் பிள்ளைய வரைக்கும் ஜெபிக்க ஆரம்பிச்சிரும். மத்த குழுக்காரிய மாதிரி மேலோட்டமா ஜெபிக்கது எனக்கு ஆகாது. விவரம் வேணும் ஐயரம்மா. விவரம் இருந்தாத்தானே ஜெபத்துல உருக்கம் வரும்? மருமகளுக்கும் மாமியாருக்கும் சண்டைன்னா எதுனால சண்டை, யாரு முதல்ல வாயக் குடுத்தா, மாப்பிள்ளை யாரு பக்கம், எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் முழங்கால் போடுவேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொரு வீட்டுல. உபவாசம் முடிஞ்சதும் சாப்பாடு. அதுல ஒண்ணும் தப்பில்ல, வெறும் வயித்தோட எப்படி வீட்டுக்குப் போறது?

நான் சொல்ல வந்தது தங்கபுஷ்பத்தப் பத்தி. எங்க வீட்டுக்கு நேர் எதிர்வீடு. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. நல்லவதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு கிறிஸ்தவப் பொம்பளைக்கு அவ்வளவு வைராக்கியம் ஆகாது ஐயரம்மா. இத்தனை வருஷத்துல எங்க குழுவுக்கு ஒரே ஒரு ஜெபக்குறிப்பு குடுத்திருப்பாளா? குடுத்ததே இல்ல! அவ வீட்டுக்காரரு செத்தப்பகூட எங்களுக்கா விஷயம் தெரிஞ்சு நாங்களா ஜெபிச்சோம்.

போன லெந்துல, ஈஸ்டருக்கு முந்தின அந்த நாப்பது நாள்ல நடந்தது இது. நடந்ததச் சொல்லணும்னா முதல்ல எம் மகன் ஆசீரப் பத்திச் சொல்லணும். எப்படியும் உங்க காதுல விழும். அடுத்தவ வாயில இருந்து விழுததுக்கு நானே சொல்லிருதேன்.

ஆசீர் எனக்கு ஒரே மகன். அவுக அப்பா போன பெறகு நான் ஒத்தையில வளத்தேன். கோயம்புத்தூர்ல நல்ல வேலை. கூட இருந்த பயலுவ சேர்க்கை சரியில்ல. குடிக்க ஆரம்பிச்சுட்டான். மருமக பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வேலையும் போச்சு. இங்க வந்தவன, ஊரு கண்ணுல படுததுக்கு முன்னால, நாகர்கோவில் பக்கம் குடிய நிப்பாட்டுத இடம் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு அங்க கொண்டு சேர்த்தேன். கேட்டவுககிட்ட கம்பெனி டிரெய்னிங்குக்குப் போயிருக்கான்னு சொன்னேன். அது பொய் கிடையாது. டிரெய்னிங்தான அது? குடிக்காம இருக்கதுக்கு டிரெய்னிங்.

ஆனா பெத்த மனசு கேக்குமா? எம் பிள்ளைக்கு நாலு பேரு ஜெபிக்கணும்னு இருந்துச்சு. குழுவுல பேரச் சொல்லவும் முடியாது. அங்க ஒரு விஷயம் குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? நான் வாயத் தொறக்க மாட்டேன், மத்தவுக அப்படி இல்லியே. அதனால லெந்து முதல் வெள்ளியில பேரில்லாம ஒரு ஜெபக்குறிப்பு குடுத்தேன். “நம்ம தெருவுல ஒரு விதவைத் தாய். அவளுக்கு ஒரே மகன். அவன் குடியில மாட்டிக்கிட்டான். அவனுக்காகக் கண்ணீரோட ஜெபிப்போம்”னு சொன்னேன்.

உடனே ஜெபக்கனி என் கையப் புடிச்சு, “போதும் டீச்சர், பேரு சொல்ல வேண்டாம், எங்களுக்குப் புரிஞ்சிட்டு”ங்கா. தெரிஞ்சிட்டு போலன்னு நெனச்சேன். அவ ஜெபத்த ஆரம்பிச்சா பாருங்க. “ஆண்டவரே, எத்தனையோ நோயாளிகளுக்கு ஊசி போட்ட அந்தக் கைகளை நினைத்தருளும்!”

ஊசி போட்ட கையாம்! நான் எங்க ஊசி போட்டேன்? எங்க தெருவுல ஒரே மகனோட இருக்க விதவை நாங்க ரெண்டே பேருதான், நானும் தங்கபுஷ்பமும். அவுகளா அவதான்னு முடிவு பண்ணிட்டாவ.

நீங்க இப்ப என்ன கேக்க வாரீயன்னு எனக்குத் தெரியும். திருத்திச் சொல்லியிருக்கலாம்லான்னு கேப்பீய. எப்பச் சொல்ல? ஜெபத்துக்கு நடுவுல கண்ணத் தொறந்து பேசுதது என்ன மரியாதை? ஜெபம் முடிஞ்சதும் சாப்பாடு வந்துட்டு. சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்கையில அதையா பேச முடியும்? பெறகு ஆளாளுக்கு வீட்டுக்குப் போயிட்டாவ. நான் அவ பேரச் சொன்னேனா? சொல்லல. ஆண்டவருக்குத் தெரியும். அவுக தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுக்கு நான் என்ன பண்ண? எப்படியோ ஒரு குடிகாரப் பிள்ளைக்கு ஜெபம் ஏறிட்டுன்னு விட்டுட்டேன்.

இதுல ஒரு சின்னச் சங்கடம் வந்துட்டு. தங்கபுஷ்பம் மகன் செல்வின் ஓசூர்ல வேலை பாக்கான். அவனுக்குத் திசையன்விளைப் பக்கம் பொண்ணு பேசி, பூ வைக்கதுக்கு நாள் பாத்துக்கிட்டு இருந்தாவ. வெள்ளிக்கிழமைக் குறிப்பு வழக்கம்போல எங்க வாட்ஸப் குழுவுலயும் வந்துட்டு, அந்தப் பொண்ணோட சித்தி அதுல இருக்கா. அது எனக்கு ஞாபகமே இல்ல, சத்தியமா. பொண்ணு வீட்டுக்காரவுக, “கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுதோம்”னுட்டாவ. செல்வின் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் குடிக்க மாட்டான், பாவம். ஊரு பூராவும் அவன் குடிகாரனாயிட்டான்.

எனக்கு மனசு கேக்கல. ஏதாவது பண்ணணுமே. என்னால முடிஞ்சது ஜெபந்தான? நேரா தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போனேன். “ஏ புஷ்பம், செல்வின் கல்யாணத்துல ஏதோ தடைன்னு கேள்விப்பட்டேன். ஒரு ஜெபக்குறிப்பா எங்க குழுவுக்குக் குடு. தடைய உடைச்சிருவோம்”னேன்.

அவ அவரைக்கா உரிச்சிக்கிட்டு இருந்தா. தலையத் தூக்கி என்னை ஒரு பார்வை பாத்தா.

“வேண்டாம் டீச்சர். எங்களுக்காக ஏற்கெனவே ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்காரு”ன்னா.

“ஒருத்தரா? யாரு?”

“தெரிஞ்சவருதான்.”

“பெரிய ஆளா?”

“பெரிய எடந்தான்.”

“அவரு சொன்னாக் கேப்பாவளா?”

“அவரு பேச்ச அங்க தட்ட மாட்டாவ டீச்சர்”ன்னுட்டு மறுபடியும் அவரைக்காய உரிக்க ஆரம்பிச்சிட்டா. ஒரு காப்பி வேணுமான்னுகூடக் கேக்கல.

எனக்கு எப்படி இருக்கும்? நாங்க இத்தனை பேரு முழங்கால் தேய நிக்கோம், இவ வெளி ஆளப் புடிச்சிருக்கா. யாரா இருக்கும்? மெயின் ரோட்டுல தகரக் கொட்டகை போட்டுச் சபை நடத்துத பாஸ்டரா? அங்க போயி விசாரிச்சேன், அவரு இவளக் கண்டதே இல்லையாம். உவரி அந்தோனியார் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டாளோன்னு ஒரு சந்தேகம். அதுக்கும் ஆள விட்டுக் கேட்டாச்சு, பஸ் ஏறவே இல்லன்னுட்டாவ. கடைசியில ஜெபக்கனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான் சொன்னேன்.

அம்புட்டுத்தான். தங்கபுஷ்பத்துக்கு மேலிடத்துல ஆளு இருக்குன்னு ஊரு பூரா பரவிட்டு. ஒருத்தர் பிஷப்புங்காரு, ஒருத்தர் மந்திரிங்காரு. சபை நிர்வாகத்தப் பாக்குத சேகரக் கமிட்டியில ஒரு பெரிய மனுசன், பேரு வேண்டாம், நீங்க ஞாயித்துக்கிழமை முன்வரிசையில பாப்பீய, ஒரு முழுப் பலாப்பழத்தத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போனாரு. மகளுக்கு மிஷன் ஸ்கூல்ல வேலைக்கு ஒரு வார்த்தை சொல்லணுமாம். நான் எங்க வாசல்ல கோலமாவு... ச்சே, கோலமாவுன்னு வாயில வருது பாருங்க, சபைக்காரி வீட்டுல ஏது கோலம்? வாசல் பெருக்கிக்கிட்டு இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு.

“உங்களுக்காகவும் அவரு பேசிக்கிட்டுத்தான் இருக்காரு, கவலைப்படாதீங்க”ன்னா புஷ்பம்.

“எனக்கு அவர அறிமுகமே இல்லியே சிஸ்டர்!”னாரு அவரு.

“அதான் வருத்தம்”னா.

மனுசன் ஒண்ணும் புரியாம சந்தோஷமாப் போனாரு. பலாப்பழத்தத் திருப்பிக் குடுத்துட்டா. அரைப் பழமாவது வச்சிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம், எதிர்வீட்டுக்காரிக்கு ரெண்டு சுளை வந்திருக்கும்.

எனக்குத் தூக்கம் போச்சு ஐயரம்மா. குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளிய வரையில, ஓலையும் கையுமா அவள மறிச்சேன். “இன்னைக்கு நீ சொல்லாம நான் உன்ன விடப்போறதில்ல. யாரு அந்த ஆளு?”

அவ சிரிச்சா. “வாரா வாரம் விசுவாசப் பிரமாணத்துல சத்தமாச் சொல்லுதீயளே டீச்சர், பிதாவோட வலது பக்கத்துல உட்கார்ந்திருக்காருன்னு. அங்க சும்மாவா உட்கார்ந்திருக்காரு? நமக்காக வேண்டிக்கிட்டுல்லா இருக்காரு. வேதத்துல போட்டிருக்கே. நீங்க படிச்சதில்லயா?”

எனக்குச் சப்புனு ஆயிட்டு. ‘ச்சே, அவரா?’ன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. நல்லவேளை, அடக்கிக்கிட்டேன்.

படிச்சதில்லயான்னு எங்கிட்டக் கேக்கா! நான் சண்டே ஸ்கூல்ல பிள்ளையளுக்கு மனப்பாட வசனமாக் குடுத்திருக்கேன் அத. நானும் விடல. “அது எல்லாருக்கும் பொதுவா வேண்டுததுலா புஷ்பம். நம்ம காரியத்த நாமதான தனியா எடுத்துச் சொல்லணும்? வக்கீல் இருக்காருன்னா கட்சிக்காரன் போயி விவரம் சொல்ல வேண்டாமா?”ன்னு கேட்டேன்.

“வக்கீலே நம்ம வீட்டு ஆளா இருந்தா? நடந்ததெல்லாம் கூடவே இருந்து பாத்திருந்தா?”

“அப்போ ஜெபமே வேண்டாங்கியா? எங்க குழு எதுக்கு?”

“வேண்டாம்னு நான் சொல்லல. நானும் ஜெபிக்கத்தான் செய்யுதேன். ஆனா நான் நல்லா ஜெபிச்சாத்தான் காரியம் ஆகும், நான் மறந்துட்டா அங்க எல்லாம் நின்னு போகும்னு ஒரு பயம் இருந்துச்சு பாருங்க, அது இப்ப எனக்கு இல்ல. நான் தூங்குனாலும் அங்க பேச்சு நடக்கும்”னு சொல்லிட்டுப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, இது பேச்சா? எல்லாரும் இப்படி நெனச்சிட்டா வெள்ளிக்கிழமை யாரு வருவா? அன்னைக்கே ஜெபக்கனிகிட்டச் சொன்னேன், “புஷ்பத்துக்கு உபதேசத்துல கோளாறு. அவளுக்காக ஜெபிக்கணும்”னு. அதையும் ஒரு குறிப்பாச் சேத்துக்கிட்டோம்.

அந்த வாரம் பரிசுத்த வாரம்லா. வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி, கோயில்ல மும்மணி ஆராதனை இருக்கும். அதனால உபவாச ஜெபத்த வியாழக்கிழமைக்கு மாத்தி எங்க வீட்டுல வச்சோம். வீடு நெறைய ஆளு. நான் முன்னால முழங்கால்ல நின்னு மன்றாடிக்கிட்டு இருக்கேன். நல்ல உருக்கமா வந்துக்கிட்டு இருந்துச்சு. குடியினால கெட்டுப்போன அந்த விதவை மகனப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். “அவனை வீட்டுக்குக் கொண்டுவாரும் ஆண்டவரே!”ன்னேன்.

வாசல்ல, “எம்மா”ன்னு ஒரு சத்தம்.

ஆசீர். அந்த எடத்துல இருந்து செவரேறிக் குதிச்சு வந்திருக்கான். சட்டையில ஒரு பக்கம் கிழிஞ்சு, ஒரு கால்ல செருப்பு இல்லாம, நல்லாக் குடிச்சிட்டு வாசக் கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கான். “எம்மா, அங்க அடிக்கான்வ எம்மா. நான் அங்க போகமாட்டேன்”னு பச்சப்பிள்ள மாதிரி அழுதான். அம்புட்டுப் பேரும் கண்ணத் தொறந்து பாத்தாவ. ஒருத்தியும் எந்திக்கல. எனக்கும் எந்திக்க முடியல ஐயரம்மா. கால் மரத்துப் போச்சு. முழங்கால்ல ரொம்ப நேரமா நின்னதனாலதான்.

அப்போ ஜெபக்கனி ஆரம்பிச்சா. எங்குன கெடந்து அந்தக் குரல் வந்துச்சோ, தெருக்கோடி வரைக்கும் கேக்குத மாதிரி! “ஆண்டவரே, வயலட் டீச்சருடைய மகன் ஆசீரைப் பாரும்! டிரெய்னிங் என்று சொல்லி மறைத்த பாவத்தை மன்னியும்! மனைவி பிரிந்து போனதை நினைத்தருளும்! கோயம்புத்தூரில் வேலை போனதை...” எல்லா விவரமும் வருது. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல. நான் எங்க நிறுத்துவேனோ அங்க நிறுத்தி, எங்க அழுவேனோ அங்க அழுதா. நான் ஜெபிக்க மாதிரியே இருந்துச்சு. அப்பப்பா, காதப் பொத்திக்கிடலாம் போல இருந்துச்சு.

எதிர்வீட்டுக் கதவு தொறக்குது. புஷ்பம் வந்தா. எங்களையெல்லாம் ஒரு பொருட்டாவே நெனைக்கல. நேரா ஆசீர்கிட்டப் போயி, “வாடா ராசா, கால்ல ரத்தம் வருது பாரு. வந்து கழுவு”ன்னா. அவன் பேசாம அவ கூடப் போயிட்டான். நான் கூப்பிட்டா ஒரு வேலைக்கு வரமாட்டான், அவ கூப்பிட்டதும் போறான்!

நான் அப்புறந்தான் போனேன். குழுக்காரிய எல்லாரும் போகட்டும்னு இருந்தேன். சாப்பிட்டுட்டுத்தான் போனாவ.

அங்க போனா, அவன் கட்டில்ல படுத்திருக்கான். கால்ல கட்டு போட்டிருக்கு. செல்வினோட சட்டையப் போட்டு விட்டிருக்கா. எனக்கு அந்தச் சட்டையப் பாத்ததும் என்னமோ செஞ்சிட்டு. வேற ஒண்ணுமில்ல, வெயில்.

“உனக்கு முன்னாலேயே தெரியுமா புஷ்பம்?”னு கேட்டேன்.

“தெரியும் டீச்சர். தை பொறந்ததுல இருந்தே தெரியும். அவன் வந்தப்பவே கை நடுங்குததப் பாத்தேன். ஆஸ்பத்திரியில எத்தனை பேரப் பாத்திருப்பேன்.”

“அப்போ பொண்ணு வீட்டுல சொல்லியிருக்கலாம்லா? குடிக்கது எம் மகன் இல்ல, டீச்சர் மகன்னு சொல்லியிருந்தா உங்காரியம் முடிஞ்சிருக்குமே?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டு தடவை செருப்ப மாட்டிட்டேன். உங்க மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? உங்க வாசல்ல வந்து நின்னு தெருவே கூடுத மாதிரிக் கத்தணும்னு இருந்துச்சு.”

“பெறகு?”

“பெறகென்ன, கழட்டிட்டேன். நான் உங்க மகனப் பத்தி ஊருல சொல்லி, நீங்க எம் மகனப் பத்திச் சொல்லி, கடைசியில ரெண்டு பேருக்காகவும் அங்க பேசுதது ஒரே ஆளுதான டீச்சர். எம் பக்கமும் அவருதான், உங்க பக்கமும் அவருதான். அவருக்கு முன்னால போயி நான் எப்படி உங்க மேல பிராது குடுக்க?”

சரி, ஜெபிச்சிருவோம்னு கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து கண்ண மூடுனேன். ஐயரம்மா, நான் மேடையில கணக்கில்லாம ஜெபிச்சவ. மைக்கக் குடுத்தா நிறுத்த மாட்டேன்னு முன்ன இருந்த ஐயரே சொல்லுவாரு. அன்னைக்கு “ஆண்டவரே”ங்குத வார்த்தைகூட வரல. தொண்டையில இருந்து ஊ ஊன்னு மாடு முனகுத மாதிரி ஒரு சத்தந்தான் வந்துச்சு. வெக்கமாப் போச்சு. நிறுத்தப் பாக்கேன், நிக்க மாட்டேங்குது.

அவ எம் முதுகுல கைய வச்சா. “விடுங்க டீச்சர். வார்த்தை வராட்டாப் போகட்டும். இந்த முனகலும் அங்க போயிச் சேந்துரும். நீங்க செத்த நேரம் சும்மா இருங்க, அங்க அவரு சும்மா இல்ல”ன்னா.

சொல்லிட்டு எந்திச்சுப் போயிச் சோறு வடிச்சா. நீங்களே சொல்லுங்க, வீட்டுக்கு ஒருத்தி ஒடைஞ்சு வந்திருக்கா, ஒரு வரி ஜெபிக்க வேண்டாமா? தலையில கைய வச்சு ரெண்டு வார்த்தை? ஒண்ணுமில்ல! சோறு வடிக்கா! நான் அந்தத் தரையிலேயே சாஞ்சு தூங்கிட்டேன். ஆசீரு நாகர்கோவிலுக்குப் போனதுல இருந்து சரியாத் தூங்கல நான், அந்தக் களைப்புதான். எந்திக்கையில சாயங்கால மணி அடிச்சிட்டு. ஆசீர் உக்காந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்.

மறுநாள் ஜெபக்கனி போட்ட வாய்ஸ் எனக்கும் வந்துச்சு. அதே குழுவுலதான போட்டிருக்கா. மஸ்கட்டுல இருந்து, துபாய்ல இருந்து, எல்லாவளும் கை கூப்புத படம் அனுப்பியிருந்தாளுவ. நான் பதிலுக்கு ‘ஆமென்’னு போட்டேன். தலைவி போடாம இருக்க முடியுமா?

அத வச்சுத்தான் திசையன்விளைக்காரவுகளுக்கு விஷயம் தெளிவாச்சு. ஈஸ்டர் முடிஞ்சதும் பூ வச்சிட்டாவ. செல்வின் கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. கல்யாண வீட்டுல நான் எந்திச்சுச் சாட்சி சொன்னேன், “எங்க மன்றாட்டுக் குழு ஊக்கமா ஜெபிச்சதனாலதான் இந்தத் தடை நீங்கிச்சு”ன்னு. புஷ்பம் முன்னால உக்காந்து தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்தா. அழுதான்னுதான் நெனச்சேன். தோளு குலுங்குனதப் பாத்தா சிரிச்சிருப்பாளோன்னு இப்பத் தோணுது.

ஆசீரா? அந்தப் பழைய எடத்துக்கு அனுப்பல. புஷ்பம் தனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுனா. இப்ப சாத்தான்குளத்துல ஒரு கம்ப்யூட்டர் கடையில இருக்கான். நடுவுல ரெண்டு தடவை தவறிட்டான். மறைக்க என்ன இருக்கு, நீங்க ஐயரம்மா. மருமக பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து காட்டிட்டுப் போறா. தங்கமாட்டேங்கா. பாப்போம்.

நான் இப்ப மத்தியானத்துல தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போயி வாரேன். கல்யாணம் முடிஞ்சு செல்வினும் ஓசூருக்குத் திரும்பிப் போயிட்டான், பாவம், ஒத்தையில இருக்கா. அவளுக்குத் துணையா இருக்கட்டுமேன்னுதான். அவ எதையாவது நறுக்கிக்கிட்டு இருப்பா. நான் அந்தத் தரையில செத்த நேரம் தலையச் சாய்ப்பேன். “என்ன டீச்சர், துணைக்கு வந்து தூங்குதீய”ம்பா. அவ வாய் அப்படி. நான் பெருசா எடுத்துக்கிடுறதில்ல.

நேரமாச்சு, கெளம்புதேன். உங்களுக்கும் பெட்டி பிரிக்க வேலை கெடக்கு. ஜெபக்குழு வெள்ளிக்கிழமை இருக்கு, மறந்துராதீங்க. நீங்கதான் முதல் ஜெபம்.

ஒரு ஜெபம் பண்ணி அனுப்புங்க ஐயரம்மா. சின்னதாப் போதும். ஆசீர் பேரச் சொல்ல வேண்டாம். அவன் குடிக்கதையும் சொல்ல வேண்டாம்.

ஜன்னல் தொறந்திருக்கே, அதுக்காகத்தான் சொல்லுதேன்.

இல்ல. ஜன்னலுக்காக மட்டும் இல்ல. நீங்க சும்மா கண்ண மூடிக்கிட்டு எங்கூட இருங்க. சொல்லாட்டாலும் அங்க பேச்சு நடந்துக்கிட்டுத்தான இருக்கும்.